லயத்து வாசல் வரை வந்த 33ஆம் பிரிவு

சட்டமூலம் என்றாலே கொட்டாவி விடுகிறவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இன்று உங்களுக்கு ஒரு பிரிவைக் காட்டப்போகிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு. பார்த்தால் பரம சாது. ஆனால் மடுல்கெல்லயிலிருந்து மஸ்கெலியா வரைக்கும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற பாதை ஏன் சேறாகக் கிடக்கிறது, கம்பத்தில் ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்டபோதெல்லாம் முப்பது வருஷமாகப் பதிலாக நீட்டப்பட்டது இந்தப் பிரிவுதான். 2018இல் நம்முடைய பிரதிநிதிகள் பாராளுமன்றத்துக்குள் நின்று அதை மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றம் எந்தெந்த மேசைகளைத் தாண்டி வந்தது, யார் விடாமல் பேசினார்கள் என்று திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் எனக்குப் புல்லரிக்கிறது. வாருங்கள், உள்ளே போவோம்!

முதலில் பாதையைப் பாருங்கள்

கண்டியில் பஸ் ஏறி, வத்தேகம கடந்து, பன்வில கடந்து மேலே வந்தால் மடுல்கெல்ல. நக்கிள்ஸ் மலைத்தொடர் கண்ணுக்கு நேரே நிற்கும். பச்சைப் பாய் விரித்த மாதிரி தேயிலை என்று எழுதிவிட்டு இறங்கிப் போகிற பயணக்கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. நாம் இறங்காமல் தோட்டத்துக்குள் திரும்புவோம்.

பிரதான வீதியிலிருந்து தோட்டப் பாதைக்குத் திரும்புகிற முடக்கு இருக்கிறதே, அங்கேதான் நம் கதையின் உயிர் இருக்கிறது. முடக்குக்கு இந்தப் பக்கம் தார். அந்தப் பக்கம் கல்லும் குழியும். இந்தப் பக்கம் பன்வில பிரதேச சபை. அந்தப் பக்கமும் அதே சபையின் எல்லைதான், அதே சபைக்கு வாக்குப் போடுகிற ஆட்கள்தான். ஆனால் 33ஆம் பிரிவு மாறும் வரை சபையின் பணம் முடக்கோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் அது 'தோட்டத்துப் பாதை'.

மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குழிகளைத் தாண்டி வருவதைத் தோட்டத்தில் பிறந்த யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், கொழுந்து ஏற்றுகிற லொறியைக் கேட்டுத் தோட்டத்து ஐயா வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். கர்ப்பிணிகள் அந்த லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன கதை ஒவ்வொரு டிவிஷனிலும் உண்டு. சபை உறுப்பினரிடம் போய் முறையிட்டால், அவர் பாவம், உதட்டைப் பிதுக்குவார்: "அது தோட்டத்துக் காணிங்க. சபையால ஒண்ணும் செய்ய ஏலாதுங்க." அவர் பொய் சொல்லவில்லை. சில இடங்களில் அந்த உறுப்பினரே லயத்தில் குடியிருப்பவர். தன் வீட்டு வாசலுக்குத் தான் இருக்கும் சபையின் காசில் ஒரு கூடை கல் போட முடியாத மக்கள் பிரதிநிதி!

முப்பது வருஷத்துப் பூட்டு

இந்தப் பூட்டு 1987இல் ஒரே நாளில் செய்யப்பட்டதல்ல. 1930களின் பிற்பகுதியில் கிராமக் குழுக்களுக்கான சட்டம் திருத்தப்பட்டபோதே, தோட்டத்தில் குடியிருந்த தொழிலாளிகள் அந்தக் குழுக்களுக்கான வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கிராமம் வேறு, தோட்டம் வேறு என்ற கோடு அப்போதே சட்டப் புத்தகத்தில் விழுந்துவிட்டது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம் என்று மலையகமே பாராளுமன்றத்துக்குள் போய் உட்கார்ந்தது. மறு வருஷமே 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்து, நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்கும் போயிற்று.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேருக்கு இந்தியா, 3,00,000 பேருக்கு இலங்கை, மீதி 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்போம் என்று மனிதர்களைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். நாடற்றவர்களாகக் கிடந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 1988இல் வந்தது. இப்போது அந்த வருஷங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரதேச சபைகள் சட்டம் 1987. குடியுரிமைச் சட்டம் 1988. சபைச் சட்டத்தை எழுதியபோது தோட்டத்து மக்களில் ஏராளமானோர் இன்னும் நாடற்றவர்கள்! அவர்களை மனதில் வைத்து அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. தோட்டம் என்றால் கம்பெனிக்காரர்களின் காணி, அங்கே பாதையும் தண்ணீரும் நிர்வாகத்தின் பாடு என்ற பழைய எண்ணமே அதற்குள் தங்கிவிட்டது.

இதில் மனதைச் சுடுகிற ஒன்றும் உண்டு. பிரதேச சபைகள் ஏக்கர் வரி அறவிடலாம். பயிர்ச்செய்கைக் காணிகளுக்கான வரி அது, தேயிலைக் காணியும் அதில் சேரும். வரி போகும் திசையில் பாதை திறந்திருந்தது, சேவை வரும் திசையில்தான் அடைபட்டுக் கிடந்தது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைப் பராமரிப்பு எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக்கியது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு மனிதனின் வீடும் பாதையும் தண்ணீரும் அவனுடைய முதலாளி கையில் இருந்தால், அரசாங்கத்துக்கும் அவனுக்கும் நடுவில் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். இலங்கைத் தோட்டங்களில் அப்படி நடுவில் நின்றவர் துரையாகவும், 1992க்குப் பிறகு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளாகவும், கண்டிப் பக்கத்தில் பல இடங்களில் அரச நிறுவனங்களாகவும் இருந்தார்.

கவிஞர் ஒருவர் சபைக்குள் வருகிறார்

இனித்தான் விஷயம் சூடு பிடிக்கிறது! 2015 ஜூனில் மனோ கணேசன், பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன் மூவரும் சேர்ந்து தமிழ் முற்போக்குக் கூட்டணியைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் தேர்தலில் ஆறு பேர் வென்றார்கள். கண்டி மாவட்டத்தின் 12 ஆசனங்களில் ஒன்றுக்கு வேலு குமார் தெரிவானார். 2020இலும் வென்றார். கண்டியில் நம் மக்கள் ஒரே இடத்தில் திரண்டு இருக்கவில்லை. பன்வில, புசல்லாவ, நாவலப்பிட்டி என்று சிதறிக் கிடக்கிறார்கள். அப்படிச் சிதறிய வாக்குகளைச் சேர்த்து ஓர் ஆசனம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வாக்கு எண்ணும் நிலையத்துக்கு வெளியே இரவு முழுக்க நின்றவர்களுக்குத் தெரியும்.

நுவரெலியாவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் மயில்வாகனம் திலகராஜா. இலக்கிய வாசகர்களுக்கு அவர் 'மல்லியப்புசந்தி' திலகர், கவிஞர். சி. வி. வேலுப்பிள்ளைக்குப் பிறகு மலையகத்து எழுத்துக்காரர் ஒருவர் பாராளுமன்றத்தில் இருந்தார் என்பதே எனக்குத் துள்ளல். இந்த 33ஆம் பிரிவைப் பற்றி விடாமல் பேசியவர்களில் முன்னால் நின்றவர் அவர். யோசித்துப் பாருங்கள்: ஒரு கவிஞர், சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வரி தன் மக்களைத் தடுக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறார்!

தியவன்னா ஓயாவின் நடுவே, ஜெப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டிடத்துக்குள் வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? 225 உறுப்பினர்கள். தமிழில் பேசினால் மற்றவர்கள் காதில் மாட்டிய கருவியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உரைபெயர்ப்பாளர்கள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஹன்சாட்டில் மட்டும் பேசியவர் பேசிய மொழியிலேயே அச்சாகும். லயம், தோட்டம், கொழுந்து என்ற நம் வீட்டுச் சொற்கள் நாட்டின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் தமிழிலேயே கிடக்கின்றன. ஹன்சாட் தொகுதிகளைப் புரட்டும்போது அந்தச் சொற்கள் கண்ணில் பட்டால், சொந்தக்காரரைத் திருவிழாக் கூட்டத்தில் கண்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

சட்டம் தயாராகிற தொழிற்சாலை

உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசிவிட்டால் சட்டம் மாறிவிடாது. கொழுந்து பறித்த கையோடு தேயிலை ஆகிவிடுமா? வாட்டவேண்டும், அரைக்கவேண்டும், புளிக்கவைக்கவேண்டும், காயவைக்கவேண்டும், சலிக்கவேண்டும். சட்டத்துக்கும் அப்படியே ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

முதலில் பேச்சு. கேள்வி நேரம், ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை, வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் என்று கிடைக்கிற எல்லா வாசலிலும் ஒரே விஷயத்தைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு பொறுப்பான அமைச்சர் சம்மதிக்க வேண்டும். அப்போது மாகாண சபைகள், உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் பைசர் முஸ்தபா. அமைச்சரவைப் பத்திரம் தயாராகும். அமைச்சரவை சரி என்றால் கோப்பு சட்டவரைஞர் திணைக்களத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் பெயர் வெளியே தெரியாத நிபுணர்கள். மக்களின் ஆதங்கத்தை அவர்கள் பிரிவு, உட்பிரிவு, பந்தி என்று மாற்றுவார்கள். பிறகு சட்டமா அதிபர் அது அரசியலமைப்புக்கு முரணானதா என்று பார்ப்பார். திரும்பவும் அமைச்சரவை. அதன்பின் வர்த்தமானி. அதற்குப் பிறகுதான் சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். முதலாம் மதிப்பீடு, இரண்டாம் மதிப்பீடு, குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு.

கடைசிப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணச் சட்டமூலம் ஒன்றுக்கு ஜனாதிபதி கையெழுத்துப் போடுவதில்லை! சபாநாயகர் தன் சான்றுரையை எழுதிக் கையெழுத்திட்டதும் அது சட்டம். அன்றைய சபாநாயகர் கரு ஜயசூரிய. அவருடைய பேனா தாளில் ஊன்றிய கணத்தில் தோட்டத்து முடக்கிலிருந்த கண்ணுக்குத் தெரியாத கேற் திறந்துகொண்டது.

தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிரதேச சபைகள் (திருத்தச்) சட்டம். மெலிந்த சட்டம். மேலே இலங்கையின் இலச்சினை. ஓரத்தில் சின்ன எழுத்தில் பக்கக் குறிப்புகள். 1987ஆம் ஆண்டின் சட்டத்தை இது 'முதன்மைச் சட்டவுரு' என்று அழைக்கும். கடைசியில், இலங்கைச் சட்டங்களில் வழக்கமாக வருகிற பிரிவு: முரண்பாடு எழுந்தால் சிங்கள உரையே மேலோங்கும். இத்தனைக்கும் நடுவில்தான் நமக்கான பொக்கிஷம் இருக்கிறது. பெருந்தோட்டப் பகுதிகளில் குடியிருப்பவர்களுக்கு வீதி, கிணறு, மற்றப் பொது வசதிகளைச் சபை தன் நிதியிலிருந்து செய்து கொடுக்கலாம்.

வீதி. கிணறு. இவ்வளவுதான் கேட்டோம். இதைக் கேட்க நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. கோப்பித் தோட்டத்துக்கு நம் முன்னோர் நடந்து வந்து 200 வருஷம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடியும் நடந்தார்கள் நம்மவர்கள். காட்டை வெட்டிக் கோப்பி நட்டு, கோப்பி அழிந்து தேயிலை நட்டு, இந்த நாட்டுக்குப் பாதையும் ரயிலும் ஏற்படக் காரணமானவர்களுக்கு, தங்கள் வாசலுக்குப் பாதை கேட்க ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது.

அதே வருஷம் இன்னொரு சட்டமும் வந்தது. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை உருவாக்கியது. மலைநாட்டுப் புதிய கிராமங்கள் அமைச்சராக இருந்த திகாம்பரத்தின் முயற்சி. லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கனவுக்கு ஒரு நிறுவனம் கிடைத்தது. ஒரு சட்டம் பாதைக்கு, மற்றது வீட்டுக்கு!

இதில் காலத்தைக் கவனியுங்கள், நெஞ்சு படபடக்கும். இரண்டு சட்டங்களும் நிறைவேறிய சூட்டில் அக்டோபர் 26 வந்தது. மகிந்த ராஜபக்ஷ திடீரெனப் பிரதமராக நியமிக்கப்பட்டார். பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. நவம்பர் நடுவில் சபைக்குள்ளேயே மிளகாய்த் தூள் பறந்தது. இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் நம் கோப்புகள் அந்தக் களேபரத்தில் எந்த மேசைக்கு அடியில் போயிருக்குமோ! நல்ல வேளை, அதற்கு முன்பே தப்பி வந்துவிட்டன.

திறந்த வாசலில் யார் நடந்தார்கள்?

சந்தோஷத்தோடு சந்தோஷமாக ஓர் உண்மையையும் சொல்லிவிடவேண்டும். சட்டம் 'செய்யலாம்' என்கிறது. செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பாதையைப் போடுவது சபை. சபைக்குப் பணம் வேண்டும், மனம் வேண்டும், அதைவிட முதலில் சபை என்று ஒன்று இருக்கவேண்டும். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் தேர்தல் தள்ளிக்கொண்டே போய், இரண்டு வருஷத்துக்கு மேல் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். முப்பது வருஷம் போராடி வாங்கிய அதிகாரம், கேட்க ஆள் இல்லாமல் கிடந்தது. 2025 மே 6இல்தான் மறுபடி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது.

அந்த வருஷத்தின் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி மாவட்டம் மண்சரிவில் சிதைந்தது. மலை இறங்கி வந்து பாதைகளை விழுங்கிய அந்த நாட்களில், இது தோட்டத்துப் பாதையா சபைப் பாதையா என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மண்ணை அள்ளி முடித்த பிறகு, திருத்துகிற வேலைக்கு யார் பணம் ஒதுக்குவது என்ற கேள்வி வரும். முன்பு அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது: நிர்வாகத்தைக் கேளுங்கள். இப்போது இரண்டாவது வாசலும் இருக்கிறது. இதற்குத்தான் சட்டம் மாறவேண்டும் என்று நம் பிரதிநிதிகள் மல்லுக்கு நின்றார்கள்.

கொள்கை வேலை என்பது இப்படித்தான். திறப்பு விழா இல்லை, மாலை இல்லை, கல்வெட்டில் பெயர் இல்லை. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தன் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு பாதைக்குக் கொங்கிரீட் போட்டால் அது ஒரு தோட்டத்துக்கு உதவும். ஒரு பிரிவை மாற்றினால் தோட்டம் இருக்கிற எல்லாச் சபைகளுக்கும் உதவும், அவர் தேர்தலில் தோற்ற பிறகும் உதவும். தேர்தல் மேடையில் இரண்டாவதைக் கைதட்டி வரவேற்க நாம் பழகவேண்டும். எனக்கு அந்தக் கைதட்டலில் வெட்கமே கிடையாது, இரண்டு கையாலும் தட்டுகிறேன்!

இனி சபைக் கூட்ட அறைக்குள்

கடைசியாக ஒரு சின்ன அறையைக் காட்டிவிடுகிறேன். தியவன்னா ஓயாவைப் போல் பிரம்மாண்டம் இல்லை. பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டம் நடக்கிற மண்டபம். தவிசாளர், செயலாளர், உறுப்பினர்கள். 33ஆம் பிரிவுக்கு உயிர் வருவது இங்கேதான். உறுப்பினர் பிரேரணை கொடுக்கிறார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவெடுக்கும் நாடாவோடு தோட்டத்துக்கு வருகிறார். எத்தனை மீற்றர், எவ்வளவு சீமெந்து, கான் எந்தப் பக்கம் வெட்டுவது என்று மதிப்பீடு எழுதுகிறார். காணி தோட்டத்தின் பொறுப்பில் இருப்பதால் நிர்வாகத்தோடும் பேசவேண்டும். அது வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக ஏறினால்தான் அடுத்த வருஷம் கல் வரும், மணல் வரும்.

அந்த வரவு செலவுத் திட்டத்தைச் சபை ஒவ்வொரு வருஷமும், வருஷம் முடிவதற்குள் நிறைவேற்றியாக வேண்டும். ஆகவே நேரம் பார்த்துப் போகவேண்டும். தோட்டத்து இளைஞர் சங்கம், மாதர் சங்கம், கோயில் நிர்வாகம், தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாம். எந்தப் பாதை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை குடும்பம் பாவிக்கிறது, எந்த இடத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது என்று தெளிவாக எழுதுங்கள். 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி கேட்கிறோம் என்று ஒரு வரி சேருங்கள். சட்ட இலக்கத்தோடு வரும் கடிதத்தை ஓர் அதிகாரி சும்மா மடித்து வைப்பது கஷ்டம். கடிதத்தின் பிரதியைக் கையில் வைத்திருங்கள், கிடைத்தது என்று முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் சபை உறுப்பினரைப் பிடித்து, அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் நம் டிவிஷன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தோட்டத்துக் காணி என்று சொல்லி இனி உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.